ஒவ்வொரு ஊடையிலும் கோர்வை: கன்டினியூவஸ் இன்டகிரேஷன் ஓர் அறிமுகம்

சாப்ட்வேர் வேலைக்கான விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் சொற்கள் இரண்டு. ஒன்று 'அஜைல்'. மற்றொன்று 'சிஐ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'கன்டினியூவஸ் இன்டகிரேஷன்'. இன்ஜினியரிங் படிக்கும் மாணவர்கள் இவற்றின் விளக்கத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் இவை எந்தப் பிரச்னையைத் தீர்க்க வந்தவை என்பது, நாலு பேருடன் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதும்போதுதான் புரிகிறது.

வீட்டில் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நமக்கும் இதில் விஷயம் உண்டு. உங்கள் மொபைல் போனில் உள்ள பேங்க் அப்ளிகேஷன் அடிக்கடி அப்டேட் ஆகிறது. பிரவுசர் சில வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பாக மாறுகிறது. ஒவ்வொன்றின் பின்னும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் புரோகிராமை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படியும் நேற்று நீங்கள் கணக்கில் வைத்திருந்த பணம் இன்று அதே தொகையாகக் காட்டப்படுகிறது. இது எப்படி முடிகிறது? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கடைசியில், புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் எக்ஸெல் தொகுப்பில் செய்து பார்க்கக் கூடிய பயிற்சி ஒன்றும் தரப்பட்டுள்ளது.

மூன்று பேர், ஒரு புரோகிராம்

முதலில் ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ள திருப்புலிவனம். அங்குள்ள ஒரு மகளிர் சுய உதவிக் குழுவிற்காக நண்பர்கள் மூன்று பேர் விடுமுறை நாட்களில் ஒரு கணக்கு புரோகிராம் எழுதி வருகிறோம். உறுப்பினர்களின் சேமிப்பு, கடன், வட்டி, தவணை ஆகியவற்றைப் பதிந்து, மாதக் கூட்டத்தில் படிப்பதற்கான பட்டியலை அச்சிட்டுத் தருவது இதன் வேலை. உறுப்பினர் பெயர்களைப் பதியும் பகுதி என்னுடையது. கடன் விவரங்களைப் பதியும் பகுதியை ஒரு நண்பர் எழுதுகிறார். வட்டி கணக்கிடும் பகுதியை இன்னொரு நண்பர் எழுதுகிறார். மூவரும் இருப்பது மூன்று ஊர்களில்.

கடன் பகுதியை எழுதியவர், ஊர் வழக்கப்படி 'நூற்றுக்கு ஒரு ரூபாய்' என்பதை 1 என்று பதிந்தார். அதாவது, 100 ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். வட்டிப் பகுதியை எழுதியவர் பேங்க் வழக்கப்படி நினைத்து, அந்த 1 என்பதை ஆண்டு வட்டி சதவீதமாக எடுத்துக்கொண்டார். 10,000 ரூபாய் கடனுக்கு ஒரு மாத வட்டி 100 ரூபாய் வர வேண்டும். இரண்டையும் சேர்த்து இயக்கினால் 8 ரூபாய் 33 பைசா வந்தது. இதையே மறுபக்கமாக யோசித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று ஒருவர் பதிந்து, மற்றவர் அதை மாத வட்டியாக எடுத்துக்கொண்டால், 100 ரூபாய் கட்ட வேண்டியவரிடம் 1,200 ரூபாய் கேட்கும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இருவர் எழுதியதும் தனித்தனியே சரி. தன் பகுதியை மட்டும் இயக்கிப் பார்த்த இருவருக்கும் சரியான விடைதான் கிடைத்தது. இரண்டும் சேரும் இடத்தில்தான் தப்பு நுழைந்தது. இப்படிப் பலர் எழுதிய பகுதிகளை ஒன்றாக்குவதற்குத்தான் 'இன்டகிரேஷன்' என்று பெயர்.

நாங்கள் எழுதியதை அன்றன்றைக்கே சேர்த்து விடுவது வழக்கம் என்பதால், அன்று மாலையே '100 எதிர்பார்க்கப்பட்டது, 8.33 வந்தது' என்ற செய்தி மூவருக்கும் வந்துவிட்டது. இருவரும் போனில் பேசி, மாத வட்டி என்றே வைத்துக்கொள்வது என முடிவு செய்தார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று மாதம் தனித்தனியே எழுதிவிட்டு, கடைசியில் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று மாத வேலையில் தப்பு எந்த வரியில் என்று தேட வேண்டும். எழுதியவர்களுக்கே அப்போது என்ன நினைத்து எழுதினோம் என்பது மறந்திருக்கும். எழுதி முடிப்பதைவிடச் சேர்த்து முடிக்க அதிக நாளாகும் நிலைமைக்கு சாப்ட்வேர் துறையில் 'இன்டகிரேஷன் நரகம்' என்றே ஒரு பெயர் உண்டு.

பெரிய இடங்களிலும் இதே கதைதான்

இது ஏதோ ஊர்க் கணக்கில் மட்டும் வரும் குழப்பம் என்று எண்ண வேண்டாம். செவ்வாய்க் கிரகத்தின் தட்பவெப்ப நிலையை ஆராய அமெரிக்காவின் நாசா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று கிரகத்தை நெருங்கும்போது தொலைந்து போனது. காரணம், தரையில் இயங்கிய ஒரு புரோகிராம் உந்துவிசையின் அளவைப் பவுண்ட் கணக்கில் தந்தது. அதைப் பெற்றுக்கொண்ட புரோகிராம் நியூட்டன் கணக்கில் எதிர்பார்த்தது. மாத வட்டி, ஆண்டு வட்டிக் குழப்பம்தான் இது. இங்கே பணம், அங்கே விண்கலம்.

கோர்வை நெசவும் சிஐ முறையும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இதற்கான 'கோர்வை' முறையில் தறியில் இரண்டு பேர் சேர்ந்து, மூன்று நாடாக்களை வைத்து நெய்கிறார்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு முறை ஊடை நூல் போகும்போதும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. உடலைத் தனியாக ஐந்தரை மீட்டரும், கரையைத் தனியாக ஐந்தரை மீட்டரும் நெய்து கடைசியில் சேர்த்துத் தைப்பதில்லை. அப்படித் தைத்தால் ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் சுருங்கும். பாவு இழை ஒன்று அறுந்தாலும் அப்படித்தான். உடனே நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடையை ஓட்டுவார்கள். விட்டுவிட்டால் அந்தக் குறை நீளமாகக் கோடு போல ஓடிவிடும்.

கன்டினியூவஸ் இன்டகிரேஷன் என்பது இவ்வளவுதான்: சிறிது எழுதியதும் சேர்த்து விட வேண்டும். சேர்த்த உடனே சரிபார்க்க வேண்டும். இழை அறுந்தால் முதலில் அதை முடிச்சுப் போட வேண்டும்.

இது வந்த வழி

1990களில் கிரேடி பூச் என்ற அமெரிக்க சாப்ட்வேர் வல்லுநர் இந்தச் சொல்லைத் தம் நூலில் பயன்படுத்தினார். அதை அன்றாடப் பழக்கமாக மாற்றியவர் கென்ட் பெக். கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடும் ஒரு திட்டத்தில் கிடைத்த அனுபவத்தை வைத்து, 1999ல் 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். பகுதிகளை ஒரு நாளில் பல முறை சேர்க்க வேண்டும் என்பது அந்த முறையின் விதிகளில் ஒன்று. 1997ல் இவரும் எரிக் காமாவும் ஒரு விமானப் பயணத்தின்போது உட்கார்ந்து எழுதிய சிறிய புரோகிராம்தான், ஜாவா மொழியில் சோதனைகளை எழுத இன்றும் பயன்படும் 'ஜேயூனிட்'. மார்ட்டின் பௌலர் 2000ம் ஆண்டில் எழுதி, 2006ல் திருத்தி வெளியிட்ட கட்டுரை சிஐ முறையை உலகம் முழுவதும் கொண்டு சென்றது.

சேர்த்தவுடன் தானாகச் சரிபார்க்கும் சர்வர் புரோகிராம்களும் வந்தன. 2001ல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்திலிருந்து 'குரூஸ் கண்ட்ரோல்' வெளியானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கோசுகே கவகுச்சி 2005ல் 'ஹட்சன்' என்ற புரோகிராமை வெளியிட்டார். அதன் வழிவந்ததுதான் 2011 முதல் 'ஜென்கின்ஸ்' என்ற பெயரில் இன்றும் பல நிறுவனங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019ல் கிட்ஹப் தளம் 'ஆக்ஷன்ஸ்' என்ற பெயரில் இதே வசதியை அனைவருக்கும் திறந்துவிட்டது.

அஜைல் என்பது இதனோடு சேர்ந்த இன்னொரு எண்ணம். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அறிக்கையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. முழுத் திட்டத்தையும் முதலிலேயே முடிவு செய்து இரண்டு ஆண்டு கழித்துக் கொடுப்பதற்குப் பதில், சிறிது சிறிதாகக் கொடுத்து, பயன்படுத்துபவர் சொல்வதைக் கேட்டு மாற்றிக்கொண்டே போவது இதன் சாரம். எங்கள் பக்கத்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை முறைக்கான விதிகளை 919ல் வெட்டி வைத்தார்கள். இரண்டே ஆண்டில், 921ல், திருத்திய விதிகளையும் வெட்டினார்கள். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 35 முதல் 70 வரை என மாறியது. விதியைப் பயன்படுத்திப் பார்த்து, திருத்தி, திருத்தியதையும் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லில் எழுதியதையே மாற்றியவர்கள் இருக்கும்போது, கம்ப்யூட்டரில் எழுதியதை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் மாற்றும்போது பழைய கணக்கு கெடக் கூடாது. அதற்குத்தான் டெஸ்ட்.

டெஸ்ட் என்றால் என்ன?

'டெஸ்ட்' என்றதும், புரோகிராமை இயக்கி, இங்கும் அங்கும் கிளிக் செய்து பார்ப்பது என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் நூறு முறை மாற்றினால் நூறு முறையும் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கிளிக் செய்து பார்க்க முடியாது. எனவே, சரிபார்க்கும் வேலையையே ஒரு சிறிய புரோகிராமாக எழுதி வைக்கிறோம். எங்கள் கணக்கு புரோகிராமின் வட்டிப் பகுதிக்கு எழுதி வைத்திருப்பவற்றில் சில:

1. கடன் 10,000 ரூபாய், நூற்றுக்கு 1 ரூபாய், ஒரு மாதம்: விடை 100 ரூபாய்.
2. கடன் 2,500 ரூபாய், நூற்றுக்கு 1 ரூபாய், ஒரு மாதம்: விடை 25 ரூபாய்.
3. கடன் இல்லை: விடை 0.
4. கடன் 3,250 ரூபாய், நூற்றுக்கு 1 ரூபாய், ஒரு மாதம்: விடை 33 ரூபாய்.

நான்காவதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கணக்குப்படி 32 ரூபாய் 50 பைசா வர வேண்டும். குழுவில் பைசா வாங்குவதில்லை. ஐம்பது பைசா வந்தால் மேலே ஒரு ரூபாயாக எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். எக்ஸெல் தொகுப்பில் 'ரவுண்ட்' என்ற பங்க்ஷன் 32.5 என்பதை 33 என்றே தரும். ஆனால் பைதான் மொழியில் அதே பெயருள்ள பங்க்ஷன் 32 என்று தரும். சரிபாதியாக வந்தால் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணை எடுப்பது பைதானின் விதி. இரண்டும் பிழையல்ல. இரண்டு விதமான வழக்கம். ஆனால் கூட்டத்தில் பழைய நோட்டில் 33 என்றும், புதிய பட்டியலில் 32 என்றும் இருந்தால், அந்த ஒரு ரூபாயை யார் வைத்துக்கொண்டது என்ற கேள்வி எழும். கணக்கு எழுதும் பெண்மணியின் நேர்மையின் மீது சந்தேகம் விழும். ஊருக்குள் அது ஒரு ரூபாய் விஷயமாக இருக்காது.

ஆகவே டெஸ்ட் என்பது வெறும் பிழை தேடும் கருவி மட்டுமல்ல. 'எங்கள் வழக்கம் இதுதான்' என்று எல்லோரும் கூடி எடுத்த முடிவை எழுதி வைக்கும் இடமும் அதுவே. நாளை புதிதாக ஒருவர் வந்து வட்டிப் பகுதியை மாற்றி எழுதினாலும், 3,250 ரூபாய்க்கு 33 வராவிட்டால் அவருடைய மாற்றம் உள்ளே நுழையாது. யாரும் பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

டெஸ்ட்களைப் பொதுவாக மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள்.

யூனிட் டெஸ்ட்: ஒரு சிறு பகுதியை மட்டும் சோதிப்பது. மேலே பார்த்த நான்கும் இவ்வகை. நொடிக்குள் முடியும் என்பதால் நூற்றுக்கணக்கில் எழுதலாம்.

இன்டகிரேஷன் டெஸ்ட்: இரண்டு பகுதிகளைச் சேர்த்துச் சோதிப்பது. கடன் பகுதியில் பதிந்ததை வட்டிப் பகுதிக்கு அனுப்பி 100 வருகிறதா எனப் பார்த்தோமே, அது இவ்வகை.

முழுச் சோதனை: பயன்படுத்துபவரைப் போலவே உறுப்பினர் பெயர் பதிந்து, கடன் கொடுத்து, பட்டியலை அச்சிடுவது வரை பார்ப்பது. இதற்கு நேரம் அதிகம் ஆகும். எனவே முக்கியமான சிலவற்றை மட்டும் எழுதினால் போதும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க

தமிழில் பெயர்களைக் கையாளும் புரோகிராம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று குழந்தையைக் கேட்டால் மூன்று என்று சொல்லும். எக்ஸெல் தொகுப்பில் 'லென்' என்ற பங்க்ஷனைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். ஏனென்றால் யூனிகோட் முறையில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அது சேமிக்கப்படுகிறது. 'திருப்புலிவனம்' என்பதில் எழுத்துகள் 8, குறியீடுகள் 14. பட்டியலில் இடம் போதவில்லை என்று 13 குறியீட்டோடு வெட்டினால் கடைசிப் புள்ளி போய் 'திருப்புலிவனம' என்று அச்சாகும். பேங்க்கிற்குப் போகும் பட்டியலில் பெயர் இப்படித் தவறினால் திரும்பி வரும்.

இதைவிடச் சிக்கலானது ஒன்று உண்டு. 'கோமதி' என்ற பெயரில் உள்ள 'கோ' எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றாக வருவது ஒரு விதம். இரட்டைக் கொம்பு தனியாக, கால் தனியாக வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு என்று சொல்லும். வேறு வேறு கீபோர்டு சாப்ட்வேரில் பதிந்தால், ஒரே பெண் இரண்டு உறுப்பினராகிவிடுவார். சேமிப்பு ஒரு கணக்கில், கடன் இன்னொரு கணக்கில் ஏறும். பெயரைச் சேமிக்கும் முன் 'நார்மலைசேஷன்' என்ற முறையில் ஒரே வடிவத்திற்கு மாற்றிவிடுவது இதற்குத் தீர்வு. மாற்றியதோடு நிற்காமல், 'இரண்டு விதமாகப் பதிந்த கோமதியும் ஒருவரே' என்று ஒரு டெஸ்ட்டும் எழுதிவிட வேண்டும்.

இதுபோன்ற வேலைகளுக்கு உதவுவது 'ஓப்பன் தமிழ்' என்ற பைதான் நிரல் தொகுப்பு. 'எழில்' என்ற தமிழ் நிரல் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலான ஆர்வலர்கள் இதைக் கட்டற்ற மென்பொருளாக உருவாக்கியுள்ளனர். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது, பழைய டிஸ்கி போன்ற குறியீட்டு முறைகளிலிருந்து யூனிகோடிற்கு மாற்றுவது போன்ற வசதிகள் இதில் உள்ளன. இதில் பங்களிப்பவர்கள் ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள் அல்லர். எனவே சோதனைகளும் நிரலுடன் சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. கிட்ஹப் தளத்தில் யாரும் திறந்து படிக்கலாம். டெஸ்ட் எழுதக் கற்றுக்கொள்ள விரும்பும் தமிழ் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடைப்பது அரிது.

ஒரு மாற்றம் உள்ளே போகும் வழி

இப்போது இவற்றையெல்லாம் ஒன்றாக இணைத்துப் பார்ப்போம். ஒருவர் புரோகிராமில் ஒரு சிறிய மாற்றம் செய்கிறார் என வைத்துக்கொள்வோம்.

1. முதலில் தன் கம்ப்யூட்டரில் எல்லா டெஸ்ட்களையும் இயக்கிப் பார்க்கிறார்.
2. மாற்றத்தைப் பொதுவான சேமிப்பிடத்திற்கு அனுப்புகிறார். இதற்குப் பெரும்பாலும் 'கிட்' என்ற புரோகிராம் பயன்படுகிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது இது.
3. சிஐ சர்வர் மாற்றம் வந்ததை உடனே கவனித்து, எதுவும் இன்ஸ்டால் செய்யப்படாத ஒரு புதிய கம்ப்யூட்டரில் புரோகிராமை முதலிலிருந்து அமைக்கிறது. 'என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறதே' என்ற பேச்சுக்கு இங்கு இடமில்லை.
4. எல்லா டெஸ்ட்களையும் இயக்குகிறது.
5. அனைத்தும் சரி என்றால் பச்சை நிறக் குறி. ஒன்று தவறினாலும் சிவப்புக் குறி. எந்த டெஸ்ட், எந்த வரி, என்ன எதிர்பார்த்தது, என்ன வந்தது என்ற விவரமும் கிடைக்கும்.

குழு கடைப்பிடிக்க வேண்டியவை

சர்வரை அமைப்பது அரை நாள் வேலை. பழக்கத்தை அமைப்பதற்குத்தான் மாதங்கள் ஆகும். கீழ்க்கண்டவற்றைக் குழு ஏற்றுக்கொள்ளாவிட்டால் சிஐ சர்வர் வெறும் அலங்காரமாகவே இருக்கும்.

முதலாவது, ஒவ்வொருவரும் ஒரு நாளில் ஒரு முறையாவது தம் வேலையைச் சேர்க்க வேண்டும். இரண்டு வாரம் தனியாக வைத்திருந்து ஒரேயடியாகச் சேர்த்தால் பழைய கதைதான்.

இரண்டாவது, சிவப்பு விழுந்தால் புதிய வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் சரி செய்ய வேண்டும். சிவப்பின் மேல் சிவப்பாகச் சேர்ந்தால், எது யாருடையது என்று தெரியாமல் போகும். சில நாளில் சிவப்பு என்றாலே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, சரிபார்ப்பு பத்து நிமிடத்திற்குள் முடிய வேண்டும் என்பது கென்ட் பெக் வகுத்த அளவு. ஒரு மணி நேரம் ஆனால், முடிவுக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுவார்கள்.

நான்காவது, சில நேரம் பச்சை, சில நேரம் சிவப்பு என மாறி மாறிக் காட்டும் டெஸ்ட்டை அப்படியே விடக் கூடாது. சரி செய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். பொய் சொல்லும் ஒரு டெஸ்ட் மற்றவற்றின் மீதுள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

ஐந்தாவது, பயன்படுத்துபவர் ஒரு பிழையைச் சொன்னால், முதலில் அந்தப் பிழையைப் பிடிக்கும் டெஸ்ட்டை எழுதி, அது சிவப்பாவதைப் பார்த்துவிட்டு, பிறகு புரோகிராமைத் திருத்த வேண்டும். அதே பிழை திரும்பி வந்தால் டெஸ்ட் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆறாவது, சிவப்பு யாரால் விழுந்தது என்று கேலி பேசுவதை விட்டுவிட வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால், புதிதாகச் சேர்ந்தவர்கள் மாற்றத்தைச் சேர்க்காமல் கையிலேயே வைத்திருப்பார்கள்.

பச்சை விழுந்தால் போதுமா?

போதாது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையுடன் நின்றதை நினைவிருக்கிறதா? நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட் இதற்குக் காரணம். சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. அந்த நிறுவனம் பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, அப்டேட் பைல் 21 விவரங்களை எதிர்பார்க்கும் வகையில் அமைந்திருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த புரோகிராம் 20 விவரங்களையே தந்தது. மீண்டும் பாருங்கள், இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில்தான் தப்பு.

அவர்களிடம் டெஸ்ட் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த 21வது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற மதிப்பை வைத்தே சோதித்திருந்தார்கள். உண்மையான மதிப்பு வந்த நாளில்தான் இல்லாத ஒன்றை புரோகிராம் தேடிப் போனது. அத்துடன், அந்த அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். முதலில் சிலருக்கு அனுப்பிப் பார்த்து, பிறகு மற்றவர்களுக்குத் தருவதாக அந்த நிறுவனம் முறையை மாற்றிக்கொண்டது.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே டெஸ்ட் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்குப் பச்சைக் குறி பதிலாகாது. அடுத்து, பச்சை விழுந்தாலும் சிறிய வட்டத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் கணக்கு புரோகிராமையும் குழு இப்போது பழைய நோட்டுடன் சேர்த்தே பயன்படுத்துகிறது. இரண்டும் தொடர்ந்து சில மாதங்கள் ஒத்துப் போன பிறகுதான் நோட்டை மூடுவது என்பது குழுவின் முடிவு.

நீங்களே செய்து பாருங்கள்: எக்ஸெல்

வீட்டு வரவு செலவு, சீட்டுக் கணக்கு, பால் கணக்கு என ஏதேனும் ஓர் எக்ஸெல் பைல் உங்களிடம் இருக்கும். அதற்கு இப்படி டெஸ்ட் அமைக்கலாம். வட்டிக் கணக்கு ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. அட்டவணையின் மேற்பகுதியில் ஐந்து வரிசைகளைச் சோதனைக்கு என ஒதுக்குங்கள். எளிதில் தெரியும்படி வேறு நிறம் கொடுங்கள்.
2. ஏ நெடுவரிசையில் கடன் தொகை, பி நெடுவரிசையில் நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி என்பதை அமையுங்கள்.
3. சி நெடுவரிசையில் வழக்கமான பார்முலாவை அமைத்து, சோதனை வரிசைகளிலிருந்து கீழே உண்மையான கணக்கு வரிசைகள் வரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுங்கள்.
4. சோதனை வரிசைகளில் மட்டும் டி நெடுவரிசையில் சரியான விடையை டைப் செய்யுங்கள். இதைக் கையால் கணக்குப் போட்டு எழுத வேண்டும். பார்முலா தந்த விடையைக் காப்பி செய்தால் பயனில்லை.
5. இ நெடுவரிசையில் சி, டி இரண்டும் சமமா என்று கேட்கும் பார்முலாவை அமையுங்கள். சமம் என்றால் 'ட்ரூ' என்றும், இல்லை என்றால் 'பால்ஸ்' என்றும் காட்டும்.

இனி பார்முலாவை எப்போது மாற்றினாலும் முதலில் இந்த ஐந்து வரிசைகளைப் பாருங்கள். ஒன்றில் 'பால்ஸ்' வந்தாலும் கீழே உள்ள கணக்கை நம்ப வேண்டாம். சோதனைக்கு எடுக்கும் தொகைகளில் பூஜ்யமும், ஐம்பது பைசா வரும் தொகை ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். மொத்தக் கூட்டலில் சோதனை வரிசைகள் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைதான் தெரிந்த மாணவர்களுக்கு

கிட்ஹப் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி, பொதுவில் தெரியும் சேமிப்பிடம் ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் புரோகிராமையும் அதற்கான டெஸ்ட் பைலையும் அதில் ஏற்றுங்கள். டெஸ்ட்களை இயக்க 'பைடெஸ்ட்' என்ற தொகுப்பைப் பயன்படுத்தலாம். பிறகு மேலே உள்ள 'ஆக்ஷன்ஸ்' என்பதைக் கிளிக் செய்து, அங்கு காட்டப்படும் மாதிரிகளில் 'பைதான் அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதன் பின் ஒவ்வொரு மாற்றத்திற்கும் டெஸ்ட்கள் தானாக இயங்கி, பச்சையோ சிவப்போ காட்டும். எல்லாம் பச்சை என்றதும், ஒரு டெஸ்ட்டில் 100 என்ற விடையை வேண்டுமென்றே 101 என மாற்றி அனுப்பிப் பாருங்கள். சிவப்பு விழ வேண்டும். விழாவிட்டால் உங்கள் டெஸ்ட் இயங்கவே இல்லை என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை. பொதுச் சேமிப்பிடத்தில் உண்மையான பெயர், பேங்க் கணக்கு எண், ஆதார் எண், பாஸ்வேர்ட் எதையும் ஏற்றிவிடாதீர்கள். டெஸ்ட்டிற்குக் கற்பனைப் பெயர்களும் கற்பனைத் தொகைகளுமே போதும்.

கல்லூரியில் இறுதி ஆண்டு புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே இதை அமைத்துவிடலாம். நான்கு பேர் நான்கு மாதம் தனித்தனியே எழுதிவிட்டு, சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவில் சேர்த்துப் பார்த்துத் தவிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதல் நாள் நூறு வரி எழுதினாலும் சேர்த்துவிடுங்கள், ஒரே ஒரு டெஸ்ட்டாவது எழுதிவிடுங்கள். அடுத்த நாள் இரண்டாக்கலாம்.